முந்நூற்று ஒன்றாவது ஞாபகம்

பூங்கோதை டீச்சர் முதன்முதலாக என்னிடம் சொன்ன புகார், தன் கணவர் ரொம்ப மரியாதையாக நடந்துகொள்கிறார் என்பது.

"ஃப்ரிட்ஜத் திறக்க என்கிட்ட பர்மிஷன் கேக்குறார் தம்பி. தண்ணி குடிச்ச டம்ளரக் கழுவிக் கவுத்து வெக்கிறார். காலையில எந்திரிச்சதும் போர்வைய மடிச்சு தலகாணி மேல வெச்சுட்டு, 'ரொம்ப நன்றிங்க டீச்சர்'னு சொல்றார். இருபத்தாறு வருஷம் என்கூட குடும்பம் நடத்துன மனுசன். இந்த மரியாதைய என்னால தாங்க முடியல."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பெரம்பலூரில் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுப்பவர். அழுகையைக்கூட அதட்டி உட்காரவைத்திருந்தார்.

கணவர் மருதையன் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். பதினோரு நாள் காய்ச்சல். பன்னிரண்டாம் நாள் கண் விழித்தபோது அவருக்குத் தன் பெயர் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைத் தெரியவில்லை. லட்சத்தில் ஒருவருக்கு வருகிற வியாதி. திருச்சி ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் கமருன்னிஷா அதை டீச்சருக்கு விளக்கிச் சொன்னபோது நானும் அந்த அறையில் இருந்தேன்.

"கிருமியக் கொல்லத்தான் உடம்பு ஒரு படைய அனுப்புச்சும்மா. அந்தப் படை திரும்பி வர்றப்ப சொந்த வீட்டையே கொளுத்திட்டு வந்துடுச்சு."

"ஸ்கூட்டர் ஓட்டுறாரே டாக்டர்? பேப்பர் படிக்கிறார். பதினாறாம் வாய்ப்பாடு தடுமாறாம சொல்றார்."

"அதெல்லாம் வேற ரூம்ல இருக்கு. எரிஞ்சது ஒரு ரூம்தான். அவர் வாழ்ந்த நாளெல்லாம் அந்த ரூம்லதான் இருந்துச்சு."

"புதுசா நடக்கறதாவது நிக்குமா?"

"நிக்கும். பழசுதான் இல்ல."

நான் டாக்டர் இல்லை. என் பெயர் ஆரோக்கியராஜ். என் வேலைக்கு நியமன உத்தரவில் வாய் வலிக்கிற அளவுக்கு ஒரு பெயர் போட்டிருக்கிறார்கள். வார்டில் எல்லாரும் நடவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருவர் மூளையிலிருந்து ஒரு ஞாபகத்தை எடுத்து இன்னொருவர் மூளையில் வைக்க முடியும் என்று ஆகி அப்போது ஏழு வருடம். எடுக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். டாக்டர் எழுந்து போன பிறகு, அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்வதும் என் வேலைதான்.

"நாத்தங்கால்ல புடுங்கினாத்தான் டீச்சர் வயல்ல நட முடியும்," என்றேன். "உங்ககிட்டேருந்து எடுத்தது அப்புறம் உங்ககிட்ட இருக்காது. உங்களுக்குக் கல்யாணம் ஆச்சுங்கறது தெரியும். அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியாது. யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி இருக்கும்."

"எத்தனை எடுப்பீங்க?"

"முந்நூறு. அதுக்கு மேல அவர் மூளை தாங்காது."

"முந்நூறுதானா?" என்றார்.

உங்களுக்குப் போய்விடுமே என்று மறுபடியும் எச்சரித்தேன். "அவர்கிட்ட இருந்தா என்ன, என்கிட்ட இருந்தா என்ன? ஒரே வீடுதானே," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் ஒரு லாங் சைஸ் நோட்டோடு வந்தார். இருபத்தாறு வருடத்திலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு ஞாபகங்களை வரிசை எண் போட்டு எழுதி, அதில் நூற்றுப் பன்னிரண்டைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். பரீட்சைப் பேப்பர் மாதிரி இருந்தது. பதினாறு நாள் உட்கார்ந்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை நினைப்பார், மெஷின் அதை எடுக்கும். எடுத்து முடித்ததும் கண்ணைத் திறந்து, நோட்டில் அந்த வரியைப் படித்து, பக்கத்தில் டிக் போடுவார்.

"மாப்பிள்ளை வேட்டி அவுந்துடுமோன்னு மணவறையில எனக்கு ஒரே பயம்னு எழுதியிருக்கேன்," என்றார் ஒருமுறை. "அப்படியா தம்பி? அவ்வளவு மோசமாவா கட்டியிருந்தார்?"

ஒரு நிமிடம் முன்னால்தான் அதை நினைத்துச் சிரித்திருந்தார். எனக்கு அந்த மெஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சிவப்பு மையில் அடித்தவற்றைக் காட்டி, "இதெல்லாம் ஏன் வேணாம்னுட்டீங்க?" என்று கேட்டேன்.

"அதுல அவர் இல்ல. நான் மட்டும்தான் இருக்கேன். அத வெச்சு அவர் என்ன பண்ணப் போறார்?"

சரிதான் என்று தலையாட்டினேன். தலையாட்டியதோடு நிற்கவில்லை, இவ்வளவு ஒழுங்காகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் இதுவரை யாருமில்லை என்று டாக்டரிடம் போய்ப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அதுவரை வந்த நோயாளிகளுக்கு அங்கங்கே கொஞ்சம் ஞாபகம் மிச்சம் இருந்தது. வீட்டு மனிதர்களை அடையாளம் தெரிகிற அளவுக்கு இருந்தது. சுத்தமாகத் துடைத்துப்போய் வந்த முதல் ஆள் மருதையன். அந்த வித்தியாசம் எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை.

நடவு முடிந்து பத்தாம் நாள் படுக்கையைச் சுற்றி ஆறு பேர் நின்றோம். கருத்தரங்கில் காட்டுவதற்காக ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் கேட்டார், மருதையன் சொன்னார். கல்யாணம் சிறுவாச்சூர் கோயிலில். முதல் சம்பளத்தில் வாங்கியது டேபிள் ஃபேன். மாமனார் செத்த அன்று மழை. ஒவ்வொன்றையும் அவர் சொல்லச் சொல்ல டீச்சர் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார்.

"இவங்க யாருன்னு சொல்லுங்க," என்று டாக்டர் டீச்சரைக் காட்டினார்.

மருதையன் நிமிர்ந்து பார்த்தார். கைகூப்பினார்.

"டீச்சர். இவங்க வீட்லதான் தங்கியிருக்கேன். ரொம்ப நல்லவங்க."

வீடியோ எடுத்தவர் மெல்ல மொபைலை இறக்கினார்.

அன்று மாலை வாஷ்பேசினில் முகம் கழுவப் போன மருதையன் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது. தன் சட்டைக் காலரைத் தானே நீவிச் சரிசெய்தார்.

"ரொம்ப எளச்சுட்டாரு," என்றார் என்னிடம்.

"அது நீங்கதான் சார்."

"நான்தான். தெரியுது. ஆனாலும் எளச்சுட்டாரு தம்பி."

கல்யாண ஆல்பத்தில் போட்டோ எடுத்தவரின் முகம் இருக்காது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஏழு வருடம் இதே வேலை பார்த்த எனக்குத் தோன்றவில்லை. டீச்சரிடம் போய்ச் சொல்ல வேண்டியவனும் நான்தான். காரிடாரில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் நல்லாப் புடிச்சிருக்கு டீச்சர். ஆனா எல்லாமே உங்க கண்ணு பாத்தது. உங்க கண்ணு அவரத்தான் பாத்துருக்கு. உங்களப் பாக்கல. முந்நூறுல ஒண்ணுலகூட உங்க முகம் இல்ல."

அவர் நோட்டைத் திறந்து, சிவப்பு மை அடித்த வரிகளை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"தப்பு என்னுதுதான்," என்றார்.

இல்லை, என்னுடையதும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எழுந்து கணவருக்குச் சாப்பாடு கொடுக்கப் போய்விட்டார்.

மாதம் ஒரு முறை பெரம்பலூர் போய் மருதையனைப் பரிசோதித்து வர வேண்டும் என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் போயிருப்பேன். குற்ற உணர்ச்சிக்குத் திருச்சியிலிருந்து ஒரு மணி நேரம் பஸ் ஒன்றும் பெரிய தூரமில்லை.

முதல் முறை போனபோது மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னதாக மருதையன் பாதிப் பேச்சில் எழுந்தார். வாசலுக்குப் போய் கேட்டைத் திறந்துவைத்து, அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்து நின்றார். பின்னாலேயே போய், "யாருக்கு சார் நிக்கிறீங்க?" என்றேன்.

"தெரியல தம்பி. நெஞ்ச இழுக்குது. வரணும். தெனம் இந்த நேரம் வந்துடணும். இன்னும் காணோம்."

ஆறேகாலுக்கு டவுன் பஸ் தெருமுனையில் நின்றது. ஸ்பெஷல் கிளாஸ் முடித்த டீச்சர், தோளில் பையோடும் கையில் டிஃபன் கேரியரோடும் நடந்து வந்தார். மருதையன் ஒதுங்கி வழிவிட்டு, "வாங்க டீச்சர், களைச்சுப்போய் வர்றீங்க," என்றார். பிறகு டீச்சரின் தலைக்கு மேலாகத் தெருவைப் பார்க்கத் தொடங்கினார். கேட்டைச் சாத்தவில்லை. எட்டு மணி வரைக்கும் அப்படித்தான் நிற்பாராம்.

அடுக்களையில் டீ போட்டுக்கொண்டே டீச்சர் சொன்னார். "அது நான் நின்ன எடம் தம்பி. எண்பத்தி மூணாவது. டூட்டி முடிஞ்சு அவர் வர்ற நேரத்துக்கு அந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன்னு நோட்டுல இருக்கு. எனக்கு இப்ப ஒண்ணும் ஞாபகம் இல்ல. அவர் நிக்கிறதப் பாத்தா, அடிப்பாவி, இப்படியா நின்னேன்னு இருக்கு."

"அவர் அவருக்காகவே நிக்கிறார்."

"ஆமா. நானும் அவருக்காகத்தான் நிக்கிறேன். ஒரே ஆளுக்கு நாங்க ரெண்டு பேர்."

இந்த முறை சிரிப்பு வந்தது. டீயை வடிகட்டும்போது கொஞ்சம் மேடையில் கொட்டியது.

"சாப்பிடறப்ப பழசெல்லாம் சொல்றார். கல்யாணமான புதுசுல ஒருத்தர் மேல அவ்வளவு ஆசைங்க டீச்சர், பக்கத்துல வந்து உக்காந்தாலே கையி ஜில்லுன்னு ஆயிடும்னு சொல்றார். அது என் மனசுல இருந்ததுதானே? யாரு கதையோ மாதிரி உம் கொட்டிக் கேட்டுக்கிட்டிருக்கேன். அவருக்கு அது இருக்கு, ஆனா என்னத் தெரியல. எனக்கு அவரத் தெரியுது, அது இல்ல. இவ்வளவு பக்கத்துல இருக்கறவர நெனச்சு ஏங்குறதுன்னா, வெளியில சொன்னா சிரிப்பாங்க தம்பி."

திருச்சிக்குத் திரும்பியதும் நான் டாக்டர் கமருன்னிஷாவிடம் சண்டை பிடித்தேன். சண்டை என்று நான்தான் சொல்கிறேன், அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார். முந்நூறுக்கு மேல் ஒன்று. அதற்கும் மேல் வைத்தால் மூளை வீங்கி உள்ளதும் போய்விடும். ஆகவே அந்த ஒன்றில் டீச்சரின் முகம் இருந்தே ஆகவேண்டும்.

சுலபம் என்றுதான் நினைத்தோம். ஒரு வாரம் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று நன்றாகப் பார்க்கும்படி டீச்சரிடம் சொன்னேன். அவரும் ஸ்கூலுக்குக் கிளம்புவதற்கு முன் தினமும் பத்து நிமிடம் நின்றார். மெஷினில் உட்காரவைத்துப் பார்த்தால் முகம் தெளிவாக இருந்தது. திரையில் அதன் அடியில் ஓடவேண்டிய உணர்ச்சிக் கோடு அசையவே இல்லை.

"முகம் வருது டீச்சர். அதோட ஒண்ணும் ஒட்டிக்கிட்டு வரல. பாக்கறவங்களுக்கு அந்த முகத்து மேல பிரியம் இருந்தாத்தான் நட்டா புடிக்கும்."

"எனக்கு என் மூஞ்சி மேல பிரியமா?" என்று கேட்டார். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதைப் போல முகம் சிவந்தது.

"கண்ணாடி முன்னாடி நிக்கிறது பொட்டு நேரா இருக்கான்னு பாக்கத்தான் தம்பி. அதுக்கு மேலயும் கீழயும் நான் பாத்தது இல்ல. எங்களுக்குப் பிள்ளை இல்ல. விசேஷ வீட்டுக்குப் போனா, மொத கேள்வியே அதுதான். அப்புறம் கண்ணாடியப் பாத்தா அவங்க கேட்ட மூஞ்சிதான் தெரியும். அத எங்க போய்ப் பிரியமாப் பாக்கிறது? அவர் பாப்பார். சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பார். என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பார். அதெல்லாம் அவர்கிட்டதான் இருந்துச்சு. எரிஞ்சுபோச்சு."

அவர் போன பிறகு அறையை உடனே பூட்டாமல் அந்தக் காலியான நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பேருக்கு இத்தனை ஞாபகங்களை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தன் முகத்தைத் தானே பிரியமாகப் பார்த்த ஞாபகம் ஒன்று இதுவரை என் கையில் வந்ததாக நினைவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை தனியாக வந்தார். நோட்டு கொண்டுவரவில்லை.

"ஒண்ணு இருக்கு," என்றார். "நோட்டுல எழுதல. அடிச்சதுலகூட அது இல்ல."

கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"எனக்கு இருபத்தொம்பது வயசு. எலெக்‌ஷன் டூட்டி போட்டாங்க. லால்குடி தாண்டி ஒரு கிராமத்துல பூத்து. நான்தான் அந்த பூத்துக்குத் தலைமை. கல்யாணத்துக்கப்புறம் மொத மொதலா வீட்ட விட்டு ஒரு ராத்திரி வெளியில தங்குனேன். விடியக்காலம் அந்தப் பள்ளிக்கூடத்துலயே குளிச்சுட்டு வந்தா, ஹெட்மாஸ்டர் ரூம்ல ஆணியில ஒரு கண்ணாடி தொங்குச்சு. உள்ளங்கை அகலம்தான் இருக்கும், ஓரமெல்லாம் ரசம் போய். தலையத் துவட்டிக்கிட்டே பாத்தேன். அந்த ஊருல என்னை யாருக்கும் தெரியாது. யாரும் ஒண்ணும் கேக்கல. வெளியில கட்சிக்காரங்கள்லாம் 'மேடம், ஆரம்பிக்கலாமா'ன்னு எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. முடியிலேருந்து தண்ணி சொட்டுது. நல்லாத்தான் இருக்கேன்னு தோணுச்சு. சும்மா இல்ல தம்பி, நெஜமாவே தோணுச்சு. ரெண்டு நிமிசம் இருக்கும். அவ்வளவுதான்."

கைக்குட்டையை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தார்.

"அந்த ரெண்டு நிமிசம் அவர் நெனப்பே எனக்கு இல்ல. திரும்ப வீட்டுக்குப் போகணுமான்னுகூட இருந்துச்சு. அவர் இல்லாம சந்தோசமா இருந்த ஒரு நாளு. அதப் போய் அவருக்கே எப்படிக் குடுக்கிறதுன்னுதான் மூணு வாரமா யோசிச்சேன்."

"குடுக்காதீங்க," என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. வேலையே போய்விடும். ஆனால் வாயில் வந்துவிட்டது.

"உங்களுக்குன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான் டீச்சர். இதையும் எடுத்துட்டா, உங்கள உங்களுக்கு ஒரு நாளாவது புடிச்சிருந்துச்சுங்கறதே உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுதான்." கைக்குட்டையைப் பைக்குள் வைத்தார். "ஆறு மணிக்கு அவர் நிக்கிறத நீங்க பாத்தீங்கல்ல?"

மெஷினைப் போட்டேன். அடியில் இருந்த கோடு எழும்பிய உயரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒன்றை எடுக்கும்போது அதைப் பற்றி யோசித்ததும் பேசியதும் சேர்ந்தே போய்விடும். அதனால் எடுப்பதற்கு முன், நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன்.

"வேணாம். எழுதுனா படிப்பேன். படிச்சா, எவளோ ஒருத்தி குளிச்சுட்டுக் கண்ணாடி பாத்தான்னு இருக்கும். உங்ககிட்ட சொல்லிட்டேன்ல, உங்ககிட்ட இருக்கட்டும்."

எடுத்து முடித்ததும் கண்ணைத் திறந்தார். "என்ன தம்பி, ஆரம்பிக்கலாமா?" என்றார்.

"முடிஞ்சுது டீச்சர்."

"எதக் குடுத்தேன்?"

"நல்லதாத்தான் குடுத்தீங்க," என்றேன்.

மறுநாளே மருதையனுக்கு நடவு செய்தோம். வேர்பிடிக்கப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். முதல் வாரம் டீச்சர் தினமும் போன் செய்தார்: இன்னும் வாங்க டீச்சர்தான், இன்னும் கேட்டில்தான். அடுத்த வாரம் போன் வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளாமல் பன்னிரண்டாம் நாள் பஸ் ஏறினேன்.

மருதையன் எனக்குத் தண்ணீர் கொடுத்தார், வெயிலைப் பற்றிப் பேசினார். ஆறு மணி ஆகப்போகிறபோது எழுந்தார். கேட்டைத் திறந்தார், கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் படியில் உட்கார்ந்தேன். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

ஆறேகாலுக்கு பஸ் வந்தது. டீச்சர் இறங்கி நடந்து வந்தார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். கேட்டுக்கு அருகில் வந்ததும், வழக்கம்போல மருதையன் ஒதுங்குவார் என்று பக்கவாட்டில் நகர்ந்தார். அவர் ஒதுங்கவில்லை.

டீச்சர் நின்றார். வியர்வையில் பொட்டு ஒருபக்கம் கலைந்திருந்தது. மருதையன் அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பியிலிருந்து அவர் கை தானாக இறங்கியது.

"நல்லாத்தான் இருக்கே," என்றார்.

டீச்சரை நீ என்று கூப்பிட அந்த வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது.

"எவ்வளவு நேரமா நிக்கிறேன் தெரியுமா கோதை? எலெக்‌ஷன் டூட்டி முடிஞ்சுதா?"

எந்த எலெக்‌ஷன், என்ன டூட்டி என்று டீச்சருக்குத் தெரியவில்லை. கணவரின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் பள்ளிக்கூடத்தையும் ஆணியில் தொங்கிய கண்ணாடியையும் அறிந்த இன்னொருவன் நான் மட்டும்தான். ஆமாம் என்று தலையசைத்தேன்.

"முடிஞ்சுதுங்க," என்றார் டீச்சர். "வந்துட்டேன்."

மருதையன் அவர் தோளிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். டீச்சரை உள்ளே விட்டு, தெருவை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், கேட்டைச் சாத்திக் கொக்கியைப் போட்டார்.